ஸ்டேஷன் மாஸ்டரின் சிரிப்பு

என் அக்காவின் கணவருக்கு மனிதர்கள் வாயாகத்தான் அறிமுகமாவார்கள். பல் செட் செய்வது அவர் தொழில். பல் மருத்துவர்கள் அச்செடுத்து, சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். அத்தான் அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். ஆள் வரமாட்டார். முகம் வராது. சில பெட்டிகளில் பெயர்கூட இருக்காது, ஓர் எண்தான்.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் அவருடைய அறை. ஒரு நீள மேஜை, ஒரு விளக்கு, உறுமிக்கொண்டே இருக்கும் தேய்ப்பு இயந்திரம், சுவர் அலமாரி முழுக்க வாயைத் திறந்தபடி நிற்கும் வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள். ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். ஒருநாள் அங்கே நின்ற ஒரு பெண்மணி யாரிடமோ பேசிச் சிரித்தார். அத்தான் அரம் பிடித்த கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பச்சைக் கோட்டு போட்ட அம்மா இருக்காங்களே, மேல் வரிசை என்னோடது."

"நிஜமாவா? போய்ப் பேசுங்களேன் அத்தான்."

"என்னன்னு பேசறது? உங்க பல்லை நான்தான் பண்ணேன்னா? செருப்பைக் கழட்டிடுவாங்க."

பஸ் வந்தது, அந்த அம்மா போய்விட்டார். அத்தான் மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார்.

நான் அப்போதுதான் திரும்பி வந்திருந்தேன். பழத்தோட்டம், படகுத்துறை, விடுதிச் சமையலறை என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டு சில வருடங்கள் நாடு நாடாகச் சுற்றியவள். ஓரிடத்தில் கால் தரிக்காது. அக்கா வீட்டுக் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். ராத்திரி வேலை முடித்து வந்து பகலில் தூங்குவாள். என் பையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும். "இன்னும் பிரிக்கவே இல்லை பாரு. உன்னைவிட அதுதான் அடுத்த பஸ்ஸுக்குத் தயாரா நிக்குது" என்பாள். அவள் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்ற சாக்கில் பகலெல்லாம் நான் அத்தானின் அறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அங்கேதான் அந்த விசிலைக் கேட்டேன். ரயில் ஊதுகிற சத்தம், அத்தானின் கைப்பேசியிலிருந்து. அது ஊதினால் போதும், எந்த வாயாக இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார். படிப்பார். சிரிப்பார். ஒற்றை விரலால் எதையோ தட்டுவார். வீட்டில் ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாத மனிதர்.

"யாரு அத்தான், காதலியா?"

"கூட்டம்" என்றார்.

என்ன கூட்டம் என்று துருவித் துருவிக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். 'ஆறாம் நடைமேடை' என்று ஒரு பழைய தொலைக்காட்சித் தொடர். ஒரு ரயில் நிலையம், அங்கே மாற்றலாகி வருகிற ஒரு பெண் இன்ஸ்பெக்டர், ஒரு போர்ட்டர், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், வாரம் ஒரு மர்மம். அது நின்று வருடக்கணக்காகிறது. ஆனால் அதை விடமுடியாத சிலர் இணையத்தில் கூடியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்குள் ஒரு கேள்வி விளையாட்டு ஓயாமல் ஓடுகிறது. யாரிடம் பச்சைக் கொடி இருக்கிறதோ அவர் தொடரிலிருந்து ஒரு கேள்வி கேட்பார். முதலில் சரியாகச் சொல்பவருக்குக் கொடி கைமாறும்.

இதுவரை சாதாரண விளையாட்டுதான். அடுத்து அவர் சொன்ன விதிதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. மறுநாள் மாலைக்குள் யாருமே விடை சொல்லவில்லை என்றால், தோற்றவர் கேள்வி கேட்டவர்.

"ஏன் அப்படி? யாராலும் சொல்ல முடியலைன்னா அவர்தானே கெட்டிக்காரர்?"

"கஷ்டமா கேட்கிறது யாருக்கும் வரும். நாக்கு நுனியில நிக்கணும், வரக்கூடாது, அப்புறம் யாராவது ஒருத்தருக்கு வந்துடணும். அந்த மாதிரி கேட்கிறதுதான் வித்தை" என்றார் அத்தான். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

தோற்றவருக்கும், பிழையான கேள்வி கேட்டவருக்கும் தண்டனை, வெயிட்டிங் ரூம். அடுத்த ஆட்ட வருடம் தொடங்கும்வரை விளையாட்டில் எழுதக்கூடாது. படிக்கலாம், அவ்வளவுதான்.

போன வருடம் முழுக்க அத்தான் வெயிட்டிங் ரூமில் இருந்தார். அவர் கேட்ட கேள்வி, 'போர்ட்டர் எந்தப் பக்கத்துப் பல்லால் மெல்லுவார்?'

"அடப்பாவமே! யாரு அத்தான் அதைப் பார்ப்பா?"

"நான் பார்த்தேனே."

அந்த வருடம் எப்படிக் கழிந்தது என்பதை அக்காதான் சொன்னாள். "கேள்வி வரும், இவருக்குப் பதில் தெரியும், எழுத முடியாது. சாப்பாடு குடுக்க ஒருநாள் போறேன், அலமாரியைப் பார்த்து, 'சிவப்புப் பெட்டி, மூணாவது பெட்டி'ன்னு சத்தமா சொல்லிட்டிருக்கார். பிளாஸ்டர் தாடை எல்லாம் ஆன்னு கேட்டுட்டு நிக்குது. தட்டை வச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம இறங்கிட்டேன்டி."

தண்டனை முடிந்து திரும்பியவருக்கு, நான் வந்த மூன்றாவது வாரத்தில் பச்சைக் கொடி கிடைத்தது. எதற்கோ முதலில் பதில் சொல்லிவிட்டார். சந்தோஷம் ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. கேள்வி கேட்டாக வேண்டுமே. இன்னொரு வருடம் அலமாரியோடு பேசிக்கொண்டிருக்க முடியாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அன்று ஒரு தாடைக்குக் கோரைப்பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டு, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்மேல சோதிச்சுப் பாருங்க. எனக்கே தெரியற மாதிரி இருந்தா எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

இப்படித்தான் நான் அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். மாலை வேலை முடிந்ததும் கூடத்தில் இரண்டு பேரும் உட்காருவோம். அவர் கேள்விகளை எடுத்து விடுவார். டிக்கெட் கொடுப்பவரின் முன்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? இன்ஸ்பெக்டர் அம்மா கோபம் வந்தால் மேல்பல்லைக் கடிப்பாரா, கீழுதட்டைக் கடிப்பாரா?

"அத்தான், மனுஷனுக்குக் கண்ணு மூக்கு காது எல்லாம் இருக்கு."

"இருக்கட்டுமே. அதெல்லாம் நடிக்கும். பல்லு நடிக்காது."

ஒருநாள் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டராக வருபவர் நல்ல நடிகர். சிரிக்கிற இடங்களில் கண் சிரிக்கிறது, கன்னம் சிரிக்கிறது, உதடு மட்டும் ஒட்டியே இருக்கிறது. "இவர் ஏன் வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டேங்கிறார்?"

அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை தெரிந்தது. "பேசும்போது உதடு ஒரு பக்கம் உள்வாங்குது பாரு, முன்வரிசையில ஒரு பல்லு இல்லை. கேமராவுக்குத் தெரியக்கூடாதுன்னு மூடிக்கிறார்."

"ஒரு தடவைகூடத் திறந்ததில்லையா?"

அவருக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரின் வாயைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கதை எனக்குப் பிடிபடவில்லை என்பதும் ஒரு காரணம். இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் உத்தரவு வருகிற பாகம் ஓடியது. அவரும் போர்ட்டரும் நின்று பேசுகிறார்கள், கண்கள் கலங்குகின்றன, சோக இசை. நான் அலுப்பில் திரையின் மூலையைப் பார்த்தேன். தூரத்தில், நடைமேடையின் கடைசியில், ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். பின்னால் ஓர் ஆடு.

"ஆடு! அத்தான், ஆடு கொடியைத் தின்னுது!"

நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பார்த்தோம். கதையில் எழுதிய ஆடாகத் தெரியவில்லை, எங்கிருந்தோ வந்த ஆடு. கொடியின் பாதி அதன் வாய்க்குள் போய்விட்டது. அவர் திரும்புகிறார், மீதிக் கொடியைப் பார்க்கிறார், ஆட்டைப் பார்க்கிறார். தலையைப் பின்னால் சாய்த்து, கட்டைவிரல் அளவு உருவத்தில், சத்தமே இல்லாமல் சிரிக்கிறார். அத்தான் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டார்.

"திறந்துட்டார்! இதோ, இடது பக்கம் கறுப்பா ஒரு சந்து, தெரியுதா? அந்தப் பல்லேதான்!"

கேள்வி பிறந்துவிட்டது. 'ஸ்டேஷன் மாஸ்டர் வாய் திறந்து சிரித்தது ஒரே ஒரு முறை. எங்கே?'

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமா?" என்று அவர் நாலைந்து தடவை கேட்டார்.

"எனக்கே தெரிஞ்சுது அத்தான். வருஷக்கணக்கா பார்க்கிறவங்களுக்குத் தெரியாதா?" என்றேன் நான். அன்று அந்தப் பதில் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் விடுமுறை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்திலிருந்தே கேள்வியை அனுப்பினார். அனுப்பிய கை மேஜைக்குத் திரும்புவதற்குள் விசில் ஊதியது. ஒரு பூக்கடைக்காரம்மா. கூட்டத்தில் அவர் பெயரே பூக்கடை. 'பேப்பர் சிரிப்பு!' என்று எழுதியிருந்தார். அடுத்து இன்னொருவர், 'பேப்பர்தான்.' அடுத்து இன்னொருவர். விசில் ஊதி ஊதி மேஜையே ரயிலடி மாதிரி ஆகிவிட்டது. வக்கீல் என்று எல்லாரும் அழைக்கும் ஒருவர், அவர் வக்கீலே இல்லை, விதி பேசுகிறவர் என்பதால் வந்த பெயர், 'இவ்வளவு சுலபமாகவா? பல்லுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்டிருந்தார்.

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாம் தப்பு" என்றார்.

பேப்பர் சிரிப்பு எது என்று எனக்குத் தெரியாது. போட்டுக் காட்டினார். மேலதிகாரி நடக்கிற நடையைப் போர்ட்டர் நடந்து காட்டுகிறார். ஸ்டேஷன் மாஸ்டர் விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். தாள் குலுங்குகிறது. பின்னாலிருந்து வருகிறது சிரிப்பு. அடக்கி அடக்கி உடைந்து, கூரை அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. தொடரிலேயே அதுதான் பெயர்பெற்ற சிரிப்பாம். கூட்டத்தில் பாதிப் பேர் கைப்பேசியில் அதைத்தான் மணியாக வைத்திருக்கிறார்களாம்.

"இது எப்படி உங்களுக்குத் தோணாமலே போச்சு?"

"வாய் தெரியலையே!" என்றார் அத்தான், அநியாயம் செய்யப்பட்டவரைப் போல. "பேப்பர்தான் தெரியுது. அந்தாளு எப்பவும் உதட்டை மூடித்தான் சிரிப்பார். இங்கேயும் மூடித்தான் இருந்திருப்பார்."

உள்ளறைக் கதவு திறந்தது. தூக்கம் கலைந்த அக்கா, ஒரு கன்னத்தில் தலையணை மடிப்போடு வந்து நின்றாள்.

"பகல்ல ஒரு மனுஷி கண்ணை மூட முடியுதா இந்த வீட்டுல? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்தச் சிரிப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக் கேட்டுட்டிருக்கேன். மூடித்தான் சிரிச்சாராம்! எங்கே, வாயை மூடிட்டு அந்தச் சிரிப்பைச் சிரிங்க பார்ப்போம்."

"என்ன?"

"சிரிங்க."

அத்தான் உதட்டை இறுக்கிக்கொண்டு முயன்றார். மாடு செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடி முயன்றார். முகம் சிவந்தது. என்னால் அடக்க முடியவில்லை, சோபாவில் சரிந்துவிட்டேன்.

"'ஹா'ன்னு வரணும்னா வாய் திறந்தாகணும். உங்க தொழிலே அதுதானே" என்றாள் அக்கா.

உண்மைதான். பல் செட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, மருத்துவர்கள் ஆளைப் பேசச் சொல்லிக் கேட்பார்கள் என்று அத்தானே என்னிடம் சொல்லியிருந்தார். காற்று தவறினால் பல் தவறு. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டார். கேட்டார். இன்னொரு முறை கேட்டார்.

"திறந்துதான் இருக்கு" என்றார் மெல்ல. "அப்போ ரெண்டு தடவை."

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. "அத்தான், இதுல என்ன கவலை? உங்க மனசுல ஆடு இருந்தது யாருக்குத் தெரியும்? 'பேப்பர்தான் சரி'ன்னு ஒரு வரி போடுங்க. பூக்கடைக்குக் கொடி போகட்டும். நீங்க ஆட்டத்துல இருப்பீங்க."

"முதல்ல அதைச் செய்ங்க" என்றாள் அக்கா. "இன்னொரு வருஷம் அந்தத் தாடைங்களோட நீங்க பேசறதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை."

அத்தான் கைப்பேசியை எடுத்தார். 'பேப்பர்' என்று தட்டினார். அத்தோடு விரல் நின்றுவிட்டது.

"என்ன?"

"அவங்க யாருமே ஆட்டைப் பார்க்கலை."

"அதனால?"

"இத்தனை வருஷமா பார்க்கிறாங்க. ஒருத்தர்கூடப் பார்க்கலை. எல்லாரும் இன்ஸ்பெக்டர் அம்மா அழறதைப் பார்த்துட்டிருந்திருக்காங்க." அவர் குரலில் இருந்தது நியாய உணர்வு இல்லை. திருவிழாவில் பெரிய யானையைக் கண்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருகிற குழந்தையின் அவஸ்தை. "நான் பேப்பர்னு சொல்லிட்டா, ஆட்டைப் பத்தி எப்படிச் சொல்றது? சொன்னா, ஒரே ஒரு முறைன்னு நான் கேட்டது தப்புன்னு தெரிஞ்சிடும்."

"சொல்லாதீங்க. அடுத்த வருஷம் சொல்லுங்க."

"அடுத்த வருஷமா!" என்றார்.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'பேப்பர் சரியான விடை. ஆனால் நான் நினைத்த விடை அது இல்லை. மாற்றல் உத்தரவு வருகிற பாகத்தைப் போடுங்கள். அழுகிறவர்களைப் பார்க்காதீர்கள். வலது மூலையைப் பாருங்கள்.' அனுப்பிவிட்டு, கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

விசில் ஊதவில்லை. அத்தனை பேரும் அவரவர் வீட்டில் அந்தப் பாகத்தைத் தேடிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அக்கா தேநீர் போடப் போனாள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது ஒரு விசில். பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக. 'ஐயோ, ஆடு!' 'எனக்கு இந்தப் பாகம் மனப்பாடம், ஆடு எங்கிருந்து வந்தது?' 'இனிமேல் இந்தக் காட்சியில் என்னால் அழ முடியாது, பாவி மனுஷா.' அத்தான் ஒவ்வொன்றையும் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். காது வரை சிரிப்பு.

வக்கீல் கடைசியாக வந்தார். 'ஆடு அருமை. ஆனால் கேள்வியில் ஒரே ஒரு முறை என்று இருக்கிறது. இருப்பதோ இரண்டு. பிழையான கேள்வி. விதி என்ன சொல்கிறது?'

தீர்ப்புச் சொல்கிறவரை அவர்கள் சிக்னல் என்பார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவராம். அவர் எழுதினார். 'கேள்வி தடம் புரண்டது. பூக்கடைக்குக் கொடி. பல்லுக்காரருக்கு வெயிட்டிங் ரூம், அடுத்த ஆட்ட வருடம் வரை. எனக்கும் வருத்தம்தான். விதி விதிதான்.'

அத்தான் அதையும் வாசித்துக் காட்டினார், அதே குரலில். பிறகு கைப்பேசியை வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தார். அக்கா காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சில நாட்கள் மாடியறையில் விசில் ஊதும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். அவர் எழுந்து ஓடவில்லை. மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கியபடி, "நாலாவது ஜன்னல்" என்று ஏதோ ஒரு தாடையிடம் சொன்னார்.

பிறகொரு பகலில் வேறு மாதிரி ஒரு மணி அடித்தது. எனக்குக் கேட்டுப் பழகாத சத்தம். அத்தானுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. யாரோ அழைக்கிறார்கள்.

"பூக்கடை" என்றார் திரையைப் பார்த்து. எடுக்கவில்லை.

"எடுங்க அத்தான்!"

"நாங்க பேசினதே இல்லை. எழுதறதுதான்."

நானே பொத்தானை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டேன். ஒரு நடுவயதுக் குரல், பின்னால் வண்டிச் சத்தங்களோடு. "அண்ணே, நான்தான். உங்களால விளையாட முடியாதில்ல? அதனாலதான் கூப்பிட்டேன். கொடி மறுபடி என்கிட்ட வந்திருக்கு, கேள்வி யோசிச்சு மண்டை காயுது. வேற யார்கிட்டயும் சொல்லிப் பார்க்க முடியாது, அவங்கல்லாம் பதில் சொல்றவங்களாச்சே. நீங்க வெளியில இருக்கீங்க. சொன்னா கேட்டுப் பார்க்கிறீங்களா?"

அத்தான் கத்தியைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

"டிக்கெட் அறைக் கதவுல தொங்குற பூட்டு இருக்கே, அது ஒரு பாகத்துல மட்டும் தலைகீழா தொங்கும். எந்தப் பாகம்?"

அத்தான் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு, எந்தச் சங்கடமும் இல்லாமல், "இல்லைம்மா, இதெல்லாம் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. ஆளுங்க கதையைப் பார்ப்பாங்களா, பூட்டைப் பார்ப்பாங்களா?" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள், பூக்கடை சொல்லி, கூட்டத்தில் இன்னொருவரும் அழைத்தார். வார இறுதியில் வக்கீலே கூப்பிட்டார். அடுத்த தடவை கொடி கிடைத்தால் கேட்க ஒரு கேள்வி தயாராக இருக்கிறதாம், பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். சிக்னல் அழைத்து, கேள்விகளை வெயிட்டிங் ரூமில் இருப்பவரிடம் முதலில் சொல்லிப் பார்க்கலாம் என்று விதியாகவே எழுதிவிடலாமா என்று கேட்டார். அத்தான் காதுக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, கையில் யாருடைய தாடையையோ வைத்துத் தேய்த்தபடி பேசப் பழகிவிட்டார். வீட்டிலும் அப்படியே. அக்காவின் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெட்டது. "இதுக்கு அலமாரியே தேவலைடி" என்றாள், ஆனால் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

ஒருநாள் பேசி முடித்ததும் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னார். "பூக்கடைக்குக் கீழ் வரிசையில ஒரு பல்லு இல்லை. 'சரி'ன்னு சொல்லும்போது காத்து போகுது."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சேச்சே. இப்பத்தானே பேச ஆரம்பிச்சிருக்கோம்" என்றார். மணி அடித்தது, எடுத்தார். "சொல்லுங்கம்மா. இல்லை இல்லை, வேலை ஒண்ணும் இல்லை. அந்தப் பூட்டு என்ன ஆச்சு?"